ஜில்லு சும்மா படுத்திருந்த நேரம்

கலையரசி வாயைத் திறந்தால் தெருக்கோடி மாவு மில்லில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். சண்டை போடுகிறாள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள்தான் நினைப்பார்கள். மற்றவர்களுக்குத் தெரியும், அவள் பேசுவதே அப்படித்தான். தேசூர் பக்கத்துக் கழனிகளில் பன்னிரண்டு வயதிலேயே நாற்று நட இறங்கியவள். நாலு வரப்பு தள்ளி நிற்கும் ஆளைப் பம்புசெட் சத்தத்துக்கு மேலே கூப்பிட அந்தக் குரல் தேவைப்பட்டது. ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். அம்மா கூலிக்குப் போன பகல்களில் மற்ற நாலு பேரையும் கட்டி மேய்த்ததும் அந்தக் குரல்தான். இருபது வயதில் சடையப்பனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தாள். இங்கேயும் அதைத் தணித்துக்கொள்ளக் காரணம் ஒன்றும் வரவில்லை.

சடையப்பன் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுச்சேலை நெய்பவர். அவர் ஒரு நாளில் பேசுவதை ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம். கலையரசிக்கு ஒரு மொத்த வியாபாரப் பட்டுக் கடையில் வேலை. நெய்து வரும் சேலைகளை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பதினேழு வருடமாக அதைச் செய்கிறாள். ஒரு கறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குறை இல்லாத சேலைக்கு ஒரு வார்த்தையும் தேவையில்லை. மடித்து, அட்டை வைத்து, அடுக்கில் போட்டுவிட்டு அடுத்ததை விரிப்பாள்.

இரண்டு பிள்ளைகள். பெரியவன் சந்தோஷ் பள்ளிக்கூடம் போன காலத்தில் மாதம் ஒரு முறையாவது ஹெட்மாஸ்டர் அறை வாசலில் அவளை நிற்க வைத்தவன். சுவர் ஏறிக் குதித்தான், கையை உடைத்துக்கொண்டான், பத்தாவதில் கணக்கை இரண்டு தடவை எழுதினான். ஒரு வழியாக ஐ.டி.ஐ. முடித்து இப்போது ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். சின்னவள் பவித்ரா. அவளைப் பற்றி யாராவது கேட்டால் கலையரசி சொல்வது ஒன்றுதான்: "அதால ஒரு பேஜாரும் இல்லீங்க. அது பாட்டுக்கு இருக்கும்." பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள், அந்த வருடம்தான் செய்யாறு பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தாள்.

இவர்களோடு ஜில்லு. ஒரகடம் கிளம்புவதற்கு முன்பு சந்தோஷ் ஒரு ரைஸ் மில் வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த குட்டி அது. இப்போது ஒன்றரை வயது. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். குக்கர் விசில் அடித்தால் குரைக்கும். கூரியர்காரர் வந்தால் பாயும். தட்டோடு யார் உட்கார்ந்தாலும் மேலே தாவும். "ஜில்லு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்துகிறோம் என்று கலையரசி எண்ணியதில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, சடையப்பனும் பக்கத்து வீட்டு நெசவாளி துரையும் மூன்று சேலைக்கான பாவைத் தெருவில் நீளமாக நீட்டிக் கட்டியிருந்தார்கள். பாவு என்றால் தறியில் ஏற்றப்போகும் நீளவாக்கு இழைகள். ஆயிரக்கணக்கான பட்டிழைகள் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை இடுப்பு உயரத்தில் விரிந்து கிடக்கும். அன்றைக்கு மாம்பழ நிறம். வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்துச் சுற்றிவிட வேண்டும். இருவரும் குனிந்த தலை நிமிராமல் கையால் நீவிக்கொண்டிருந்தார்கள். ஜில்லு வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பேப்பர்காரர் சைக்கிள் மணி அடித்தார். நாயின் காது நிமிர்ந்தது. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த கலையரசி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில், இருக்கிற தொண்டையை எல்லாம் திறந்து "ஜில்லூ" என்று கத்தினாள்.

நாய் பாய்ந்தது. பாவுக்குக் கீழே நுழையவில்லை, சுற்றிக்கொண்டு போகவில்லை, நடுவிலேயே விழுந்தது. கால் சிக்கியதும் மிரண்டு புரண்டது. புரண்டதில் இன்னும் சிக்கியது. இழைகள் அறுபடும் சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்காது. காய்ந்த புல்லைக் கொத்தாகக் கிள்ளுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கலையரசி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தபோது மாம்பழ நிறப் பட்டு மண்ணில் கிடந்தது. அதன் நடுவே நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. துரை இரண்டு கையையும் தலையில் வைத்தபடி நின்றுவிட்டார்.

அறுந்ததைப் பிடித்து முடிச்சுப்போட இரண்டு பேருக்கு மூன்று நாள் ஆனது. மூன்றில் ஒரு சேலைக்கான இழை தேறவே இல்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு சடையப்பன் சொன்னார்: "நாயி வேணாம் கலை. வெம்பாக்கத்துல உன் சித்தப்பா கொல்லியில கொண்டு போய் உட்ருவோம்."

கல்யாணம் ஆகி இருபத்து நாலு வருடத்தில் அவர் தானாக ஒரு முடிவு சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போது பவித்ரா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "ஒரு தடவ மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் உடலாமே" என்றாள். அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னதும் அந்த வீட்டில் புதிதுதான். ஆனால் நாய் விஷயத்தில் எல்லோருக்கும் தலை கனத்திருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபலட்சுமிக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். ஜில்லுவின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு கேட்டார்:

"வீட்ல சும்மா படுத்திருக்குமா?"

"எங்கங்க மேடம். எந்நேரமும் ஆட்டம்தான்."

"எந்நேரமுமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படுத்திருக்கும், தோராயமா சொல்லுங்க."

கலையரசிக்குத் தெரியவில்லை.

"சரி, அது படுத்திருக்கும்போது நீங்க என்ன குடுப்பீங்க?"

"சும்மா படுத்துகினு இருக்கறதுக்கு எதுக்குங்க குடுக்கணும்?"

"குரைச்சா?"

"கத்துவேன்."

"மேல தாவினா?"

"புடிச்சி தள்ளுவேன். திட்டுவேன்."

டாக்டர் நாயின் கழுத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அதுக்கு உங்க முகம், உங்க கை, உங்க பேச்சு எல்லாம் கிடைக்கிறது ஆட்டம் போடும்போது மட்டும்தானேம்மா. அமைதியா இருந்தா ஒண்ணுமே கிடைக்கல. அப்போ அது எதைச் செய்யும்?"

கலையரசிக்கு அந்த வாசல்படியும் தன்னுடைய கத்தலும் கண் முன்னே வந்தன. நாய் சைக்கிளைப் பார்த்துத்தான் பாய்ந்தது என்று அந்த மூன்று நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். காதை நிமிர்த்திய நாய் நின்ற இடத்தில்தான் நின்றது. தான் கத்திய பிறகுதான் கால் எடுத்தது.

டாக்டர் சொன்ன வைத்தியத்தில் மருந்து எதுவும் இல்லை. நாய் தானாகப் படுத்திருக்கும்போது, நகக்கண் அளவுக்கு ஏதாவது தின்னக் கொண்டுபோய் அதன் முன்னங்கால்களுக்கு நடுவே வைக்க வேண்டும். கூப்பிடக் கூடாது, கொஞ்சக் கூடாது, தடவக் கூடாது. வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். எழுந்து தாவினால் ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். "அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. வீடு எப்பவும் போல இருக்கிற நேரத்துல போனை ஒரு ஓரமா வெச்சி ஒரு மணி நேரம் வீடியோ எடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா எல்லாரும் நடிப்பாங்க. அது எப்போ எப்போ படுக்குதுன்னு பாத்துட்டு அந்த நேரத்துல ஆரம்பிங்க."

புதன்கிழமை சாயங்காலம் கலையரசி போனை ஃப்ரிட்ஜ் மேலே ஊறுகாய் பாட்டிலுக்குச் சாய்த்து வைத்தாள். கூடமும் அடுப்படி வாசலும் அதில் விழுந்தன. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கடையில் சாப்பிட்ட கையோடு, சேலை அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் போட்டாள். கூடவே பச்சையம்மாளும் எட்டிப் பார்த்தாள். இருவரும் ஒரே மேஜையில் பத்து வருடமாகச் சேலை மடிப்பவர்கள். பச்சையம்மாளுக்கு எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாது.

வீடியோவில் ஜில்லு படுத்திருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், படுத்தே இருந்தது. ஒரு தடவை எழுந்து சுற்றி வந்து இடம் மாறி மறுபடியும் படுத்தது. கலையரசிக்கு நம்ப முடியவில்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தேழு நிமிடம் அந்த நாய் தரையோடு தரையாகக் கிடந்தது. அந்த நாற்பத்தேழு நிமிடமும் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. குக்கர் விசில் வந்தது. நாய் தலையை மட்டும் தூக்கியது. அதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு குரல், "ஜில்லு, கொலைக்காத" என்று இடித்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் நாய் எழுந்து குரைத்தது.

"உன் நாயி ஒழுங்காத்தான் கீது கலை," என்றாள் பச்சையம்மாள். "நீதான் கொலைச்சிகினு கீற."

கலையரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டாள். தன் குரலை வெளியே இருந்து அவள் கேட்டதே இல்லை. அது இவ்வளவு கூராக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. இப்படி ஒரு சத்தம் தன் பக்கத்தில் யாராவது போட்டால் தானே எழுந்து போய்விடுவோம் என்று தோன்றியது.

பச்சையம்மாள் கை கழுவப் போனதும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை நாயைப் பார்க்கவில்லை. பழக்க தோஷம், சேலையின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரி படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். இடது மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், பவித்ரா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலேஜ் பை. பையைத் திறக்கவில்லை. ஷால் நுனியால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். திரும்பவும் துடைத்தாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

ஜில்லு எழுந்து இடம் மாறியது எங்கே என்று இப்போதுதான் தெரிந்தது. அவளிடம் போய், அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

அந்தப் படத்துக்குள் கலையரசியும் இருந்தாள். மூன்று தடவை அந்தப் பெண்ணைக் கடந்து போனாள். முதல் தடவை துணி வாளியோடு போனாள். இரண்டாம் தடவை "கால எடு" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள், பவித்ரா காலை மடக்கிக்கொண்டாள். மூன்றாம் தடவை டிரம்மைத் திறந்து அரிசி எடுத்தாள். மகளின் முகத்துக்கும் அவள் கைக்கும் ஒரு முழம் இருக்காது. ஒரு சேலையில் ஒற்றை இழை அறுந்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சொல்கிற கண் அது.

கலையரசி போனைக் கவிழ்த்து வைத்தாள். பரீட்சையில் ஏதாவது போய்விட்டதோ என்று நினைத்து, அட்மிஷன் ரசீதிலிருந்த கல்லூரி நம்பருக்கு போன் செய்தாள். ஆபீசில் ஒருவர் எடுத்து வகுப்பையும் பெயரையும் கேட்டார். பதிவேடு புரட்டும் சத்தம் கேட்டது.

"பவித்ராவா? பத்தொம்பது நாளா வரலியேம்மா. மெசேஜ் அனுப்பியிருக்கோமே, பாக்கலையா?"

மெசேஜ் போனது சந்தோஷின் நம்பருக்கு. சேர்க்கும்போது அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவன் அந்த சிம்மை எப்போதோ மாற்றிவிட்டான்.

பத்தொன்பது நாள். தினமும் காலை ஏழே காலுக்குப் பை மாட்டி, டிபன் பாக்ஸ் எடுத்து, "வரம்மா" என்று சொல்லிவிட்டுப் போன பெண். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்த பெண். கலையரசி சேலை அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே இருந்தாள். மதியத்துக்கு மேல் மேஜைக்கு வந்த சேலையில் பெரிய கறை ஒன்றை விட்டுவிட்டாள். பச்சையம்மாள் அதைக் கண்டுபிடித்து, ஒன்றும் சொல்லாமல், அவள் முகத்தையே பார்த்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கலையரசியின் தொண்டை தயாராகிக்கொண்டே வந்தது. எங்கடி போற தினமும், யாரு கூட போற, எங்கள இன்னா கேனைங்கன்னு நெனச்சியா. வரிசையாக வந்து நின்றன. ஐந்தரைக்குப் பவித்ரா வந்தாள். "ப" என்று கலையரசி வாயைத் திறந்ததுதான் தாமதம். கூடத்தில் படுத்திருந்த ஜில்லு துள்ளி எழுந்து நின்றது. பவித்ராவின் தோள்கள் ஒரே நொடியில் காது வரை ஏறின. இரண்டும் சேர்ந்தாற்போல் நடந்ததை அவள் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அடுப்படிக்குப் போனாள். என்ன செய்வது என்று தெரியாமல் டீ போட்டாள். கத்தாமல் ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்பது அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நாற்பத்து நாலு வயதில் அது தெரிந்தபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. டீக்கடையில் வாங்கி வைத்திருந்த பொறை பிஸ்கட்டை நகக்கண் அளவுக்கு ஒடித்தாள். ஜில்லு மறுபடி படுத்திருந்தது. அதன் கால் நடுவே ஒரு துண்டை வைத்தாள். டம்ளரைப் பவித்ராவின் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தாள்.

"ம்மா," என்று பின்னால் பயந்த குரல் வந்தது. "இன்னா ஆச்சி? ஊர்ல யாருக்கனா இன்னாவோ ஆயிட்ச்சா?"

"ஒண்ணும் இல்ல. டீ குடி."

சடையப்பன் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வீட்டில் சத்தம் இல்லாதது அவரையும் கலவரப்படுத்தியிருந்தது. அன்றிரவு அவரிடம் மட்டும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அடிக்காத," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பவித்ராவுக்கு நூறடி பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். செய்யாறு போகும் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். பவித்ரா முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கலையரசி பின்படியில் ஏறி, கூடைக்காரப் பெண்களுக்கு நடுவில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லூரி ஸ்டாப்பில் பிள்ளைகள் கலகலவென்று இறங்கினார்கள். எந்தப் பையனோடு இறங்கப் போகிறாளோ என்று கலையரசி கூடைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

பவித்ரா இறங்கவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். பஸ் கிளம்பியது. செய்யாறு ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு இறங்கி, வந்தவாசி பஸ்ஸில் ஏறினாள். அதிலும் ஜன்னலோரம். கலையரசியும் பின்படியில் ஏறிக்கொண்டாள். கூட யாரும் இல்லை. யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. வெறுமனே போய்க்கொண்டிருந்தாள். கலையரசி எதற்கெல்லாமோ பயந்து வந்திருந்தாள். இது அவள் பயந்த எதிலும் சேரவில்லை.

எழுந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பவித்ரா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ம்மா."

"ம்."

கலையரசி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். கேட்டால் குரல் ஏறிவிடும் என்று பயந்து கேட்காமல் இருந்தாள். இரண்டு ஊர் தாண்டியது. ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார். கண்டக்டர் அவரோடு தகராறு செய்து ஓய்ந்தார். அப்புறம் பவித்ரா, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"கிளாஸ்ல எழுந்து நின்னு இங்கிலீஷ்ல பதில் சொல்லச் சொன்னாரும்மா எங்க சாரு. எனக்குத் தெரியும், தமிழ்ல தெரியும். வாய் வரல. எல்லாம் சிரிச்சாங்க. அப்புறம் தினமும் நான் உள்ள வந்தாலே நான் திக்குன மாதிரியே ஒருத்தி சொல்லிக் காட்டுவா. ஒரு நாள் ஸ்டாப்புல எறங்கல. மறுநாளும் எறங்கல. அப்புறம் எறங்க முடியல."

"தினமும் இப்டியேவா?"

"செய்யாறு, வந்தவாசி, சில நாளு தேசூர் வரைக்கும் போவேன். உங்க ஊரு பாத்துட்டேன். திரும்பி வர மணி சரியா இருக்கும்."

பத்தொன்பது நாள், நாள் முழுக்க, பஸ் ஜன்னலில். "எங்கிட்ட சொல்லக் கூடாதா பவி?"

"சொன்னா நீ கத்துவ. அப்பா கேட்டுகினு கம்முனு இருப்பாரு." ஷால் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "நான் பேசாம இருந்தா யாருக்கும் பேஜார் இல்லல்ல," என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

இத்தனை வருடம் தான் ஊருக்குப் பெருமையாகச் சொன்ன அதே வார்த்தை மகளின் வாயில் வந்தபோது கலையரசிக்குக் கண்ணீர் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. பவித்ரா அதைப் பார்த்து மிரண்டு போய் ஷாலை நீட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"நேத்து ஜில்லுக்கு பொறை வெச்சிட்டுப் போன மாதிரியே எனக்கும் டீ வெச்சிட்டுப் போன. டாக்டரு எனக்கும் சேத்து சொன்னாங்களா?"

கலையரசி அழுதுகொண்டே சிரித்தாள். இருவரும் வந்தவாசியில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் செய்யாறு திரும்பி, நேரே கல்லூரிக்குப் போனார்கள்.

ஆபீசில் குமாஸ்தா தலை நிமிராமல், துறைத் தலைவரை இன்று பார்க்க முடியாது, வருகை குறைந்தவர்கள் திங்கட்கிழமை மனு எழுதிக்கொண்டு வரட்டும் என்றார். கலையரசி இரண்டு தடவை தாழ்ந்த குரலில் கேட்டாள். மூன்றாவது தடவையும் அவர் நிமிரவில்லை. அப்போது பவித்ரா அம்மாவின் காதருகே குனிந்து, "இங்க கத்தலாம்மா," என்றாள்.

கலையரசி கத்தினாள். ஒரே ஒரு வாக்கியம்தான், "பத்தொம்பது நாளு ஒரு பொண்ணு காணோம்னா ஒரு மனுசன் நிமிந்து பாக்க மாட்டீங்களா" என்று. மாடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். குமாஸ்தாவின் பேனா கீழே விழுந்தது. இரண்டு நிமிடத்தில் துறைத் தலைவரான அம்மையாரே கீழே வந்து இருவரையும் தன் அறைக்கு அழைத்துப்போனார். அந்த விரிவுரையாளரையும் வரச் சொன்னார். அவர் இளைஞர். விஷயம் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று. அந்தப் பெண் தன்னால்தான் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. யாரோ ஒரு பிள்ளை கல்லூரியை விட்டு நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். இனி வகுப்பில் தமிழிலும் பதில் சொல்லலாம் என்றார். கேலி செய்தவளைத் துறைத் தலைவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வருகைக் குறைவால் அந்தப் பருவத்தில் இரண்டு பாடம் எழுத முடியாது, அடுத்த முறைதான் என்பதை மட்டும் மாற்ற முடியவில்லை.

திங்கட்கிழமை பவித்ரா அந்த ஸ்டாப்பில் இறங்கினாள். இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு போன். "எறங்கிட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு மாதம் அப்படிச் செய்தாள். பிறகு மறந்துவிட்டாள். மறந்த அன்றைக்கு கலையரசி கடையில் பத்து தடவை போனைப் பார்த்தாள்.

நாய் விஷயம் அவ்வளவு லேசில் நடக்கவில்லை. பொறை வைத்த முதல் வாரம் ஜில்லு வாயில் போட்ட மறுகணம் எழுந்து கலையரசியின் பின்னாலேயே வந்து தாவியது. இரண்டு முறை தன்னை மறந்து கத்திவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்ற நாட்களும் உண்டு. பத்தாம் நாள் வாக்கில், அவள் பக்கத்தில் வந்தும் அது எழுந்திருக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. குரைக்காத, தாவாத அந்த நாயின் முகம் அவளுக்குப் புதிது. ஒன்றரை வருடம் வீட்டில் வளர்ந்த நாய்க்கு இப்படி ஒரு பார்வை இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பேசாமல் நின்றாள்.

தை மாதம் துரை தன் பாவைத் தெருவில் நீட்டியபோது, "நாய உள்ள போட்டு பூட்டுங்க" என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார். சடையப்பன் பூட்டவில்லை. அது வாசலில் சாக்கின் மேல் படுத்திருந்தது. பேப்பர்காரர் போனார், பால்காரர் போனார். துரை ஒரு கண்ணை நாயின் மேலேயே வைத்துக்கொண்டு இழை நீவி, கழுத்து பிடித்துக்கொண்டு, கடைசியில் கேட்டார்: "ஊசி கீசி போட்டு மயக்கி வெச்சிகிறியா?"

சடையப்பன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நாயின் கால் நடுவே வைத்துவிட்டு வந்தார். அவர் பையிலும் பொறைத் துண்டு இருப்பது கலையரசிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜில்லு மூன்று மாதத்தில் ஏன் இப்படிப் பெருத்துவிட்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பவித்ராவும் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் கலையரசி ஒரு காரியம் செய்தாள். பச்சையம்மாளின் உறவுக்காரப் பெண் உதயா நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், பவித்ராவைக் கேட்காமலேயே, தினமும் மாலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து சந்தோஷமாகச் சொல்லவும் செய்தாள்.

பவித்ரா கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தாள். "யாரக் கேட்டு சேத்த?"

"உன் நல்லதுக்குத்தாண்டி."

"நல்லதோ கெட்டதோ, என்னக் கேட்டியா? தினமும் செய்யாறு பஸ்ல போயி வந்துகினு இருக்கறேன், அதுக்கு மேல ஓட முடியுமா முடியாதான்னு ஒரு வார்த்த கேட்டியாம்மா? நான் சொல்றத மொதல்ல முழுசா கேளு."

அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் பவித்ராவிடமிருந்து வந்ததே இல்லை. சடையப்பனின் கை தறியில் நின்றுவிட்டது. பதிலுக்குச் சொல்ல கலையரசியின் நாக்கு நுனியில் நாலு வாக்கியம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு," என்றாள்.

பவித்ரா அரை மணி நேரம் சொன்னாள். சனிக்கிழமை மட்டும் போவதென்று முடிவானது. சேருவது என்றால் தானே போய் உதயா அக்காவிடம் பேசிக்கொள்வதாகவும், அம்மா கூட வரத் தேவையில்லை என்றும் கறாராகச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.